மிச்சம் சார் கேபிளை வெட்டினார்

அவளுடைய கணவருக்கு அலுவலகத்தில் மிச்சம் சார் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வேறொன்று இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லாமல் போய் வருஷக்கணக்காகிவிட்டது. லிஃப்ட் உதிரிபாகம் விற்கும் கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜர். யாரிடம் எதை அடித்துப் பேசி வாங்கலாம், எதை வாங்காமலே காலம் தள்ளலாம் என்பதுதான் பிழைப்பு. அந்தப் பிழைப்பை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் அவளுக்கு ஒரு புகாரும் இருந்திருக்காது. மனுஷன் அதையும் சாப்பாட்டுப் பையோடு சேர்த்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவார். கரைந்து தேய்ந்த சோப்பை எடுத்துப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டவைப்பார். பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து, உள்ளே இருப்பதைப் பிரஷ்ஷால் வழித்து எடுத்து, அதை எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் பல் தேய்ப்பார்.

காட்டுவதுதான் அவளுக்கு ஆகாது. சிக்கனமாக இருக்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் மிச்சம் சாருக்கு மிச்சம் பிடிப்பதைவிட மிச்சம் பிடித்தேன் என்று சொல்வதில்தான் ருசி.

அவள் பல்செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சை வைத்துக்கொண்டு, மெழுகில் பல் அடுக்கி, ராவி, மெருகு போட்டு அனுப்புவாள். நாள் முழுக்கப் பேசாத வாய்களோடு இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், ஓயாமல் பேசும் இந்த ஒரு வாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி தம்ளரைக் கீழே வைத்த கையோடு மிச்சம் சார் அறிவித்தார்.

"இன்னியோட இந்த வீட்ல கேபிள் கட்."

ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த மாமனார் திரும்பிப் பார்த்தார். "ஏன், கேபிள்காரன் என்ன பண்ணான்?"

"அவன் ஒண்ணும் பண்ணலப்பா. நாமதான் பண்றோம், முட்டாள்தனம். நூத்துக்கணக்குல சேனல். நாம பாக்கிறது நாலு. பாக்காத சேனலுக்கு எதுக்குக் காசு அழணும்? நெட்ல ஒரு ஆப் போட்டா முடிஞ்சுது. வேணுங்கிறத, வேணுங்கிறப்ப பாக்கலாம். உலகமே வயரை வெட்டிட்டிருக்கு."

உலகம் வெட்டினால் வெட்டட்டும், உங்கள் அப்பா பொழுதுக்கு என்ன செய்வார் என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் அரைமணி நேரம் விளக்கம் வரும். துணி காயப்போடப் போய்விட்டாள்.

சாயங்காலம் கேபிள்காரர் வந்தார். மிச்சம் சார் அவரை வாசலிலேயே நிறுத்தி, தொழில்நுட்ப வளர்ச்சி பற்றி ஒரு வகுப்பு எடுத்தார். "தப்பா எடுத்துக்காதப்பா. உன் தொழிலுக்கு இனிமே எதிர்காலம் இல்ல. வேற ஏதாவது பாத்துக்கோ" என்று தோளில் தட்டி முடித்தார். கேபிள்காரர் பவ்யமாகத் தலையாட்டி, பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, "சரிங்க சார், சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வயிற்றில் அடித்தவனிடம் ஒருவன் இவ்வளவு சந்தோஷமாக விடைபெறுவானா என்று அவளுக்கு அப்போதே கொஞ்சம் நெருடியது.

ஆப் வந்தது. ஆப் வந்ததும், இருக்கிற நெட் வேகம் போதாது என்று தெரியவந்தது. படம் பாதியில் நின்று, நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வேகத்தைக் கூட்டினார். பழைய டிவி இதற்கு லாயக்கில்லை என்று அதன் பின்னால் சொருக ஒரு சாமான் வாங்கினார். அவள் பார்த்துக்கொண்டிருந்த சீரியல் அந்த ஆப்பில் இல்லை, வேறொன்றில் இருந்தது. அதையும் போட்டார். கால்பந்து ஆட்டம் காட்டுவது மூன்றாவது ஆப்.

"இதெல்லாம் முதலீடு" என்றார்.

"கேபிளுக்குக் குடுத்தா செலவு, இதுக்குக் குடுத்தா முதலீடா?"

"உனக்குப் புரியாது. இதுல விளம்பரம் கிடையாது."

விளம்பரம் வந்தது. விளம்பரம் வராமலிருக்க இன்னும் கொஞ்சம் கட்டச் சொன்னது. மிச்சம் சார் அதைப் பற்றி மட்டும் யாரிடமும் பேசவில்லை.

அவர் பார்க்கிற லட்சணமாவது உண்டா என்றால், அதுவும் இல்லை. ராச்சாப்பாடு முடிந்ததும் ரிமோட்டோடு சாய்வார். சினிமாக்களின் படங்கள் வரிசை வரிசையாக ஓடும். ஒன்றில் நிற்பார், முன்னோட்டம் பார்ப்பார், "ம்ஹூம்" என்பார், அடுத்ததற்குப் போவார். ஓட்டலுக்குப் போய் மெனு கார்டை முழுக்கப் படித்துவிட்டு ஏப்பம் விட்டு எழுந்து வருகிற மாதிரி, ஒரு படமும் பார்க்காமலே வாய் பிளந்து தூங்கிப்போவார். ரிமோட் நெஞ்சின்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

மாமனார் பாடுதான் பரிதாபம். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இரவு செய்தி வாசிக்க வரும் அந்தக் குண்டு மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். இப்போது டிவியைப் போட்டால் முதலில் நான்கு பொம்மை முகங்கள் வந்து, யார் பார்க்கிறீர்கள் என்று கேட்டன.

"என் வீட்ல நான் உக்காந்திருக்கேன். யாருய்யா நீன்னு என்னையே கேக்குது பாரும்மா" என்றார் மருமகளிடம்.

ஒருநாள் கைதவறிக் குழந்தைகள் பார்க்கும் பன்றிக்குட்டிப் படம் ஒன்றைத் தட்டிவிட்டார். நிறுத்தத் தெரியாமல் முழுவதும் பார்த்துத் தொலைத்தார். அன்றிலிருந்து அது அவருக்கு அதே ரகமாகக் கொண்டுவந்து கொட்டியது. பன்றிக்குட்டி பள்ளிக்கூடம் போகிறது, பன்றிக்குட்டி கடலுக்குப் போகிறது. 'உங்களுக்குப் பிடிக்கும்' என்று மேலே எழுத்து வேறு.

மிச்சம் சார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். "அப்பா, இது ரொம்ப சுலபம். உங்களுக்கு என்ன வேணும்னு நீங்கதான் சொல்லணும். முழு சுதந்திரம் உங்க கையில இருக்கு."

"எனக்கு வேணாம்டா அந்தச் சுதந்திரம்."

"ஏன்?"

"காலம் பூரா நான் ஓட்டினேன். எங்க திரும்பணும், எங்க நிக்கணும், எல்லாம் நானே பாத்தேன். இப்பவாவது வேற எவனாவது ஓட்டட்டும்டா. நான் ஜன்னல் ஓரமா உக்காந்து, வர்றதப் பாத்துட்டு, பிடிக்கலன்னா திட்டிட்டு வரேன். இதுலயும் என்னையே ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்றியே."

அடுப்படியில் நின்றிருந்த அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. மிச்சம் சாருக்குத் தைக்கவில்லை. "பழகிடும்பா" என்று முதுகைத் தட்டிவிட்டு எழுந்துபோனார். மனிதர்களின் தோளும் முதுகும் தான் தட்டுவதற்காகவே படைக்கப்பட்டவை என்று அவருக்கு ஒரு நினைப்பு.

இதோடு நின்றிருந்தால் வீட்டோடு போயிருக்கும். குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் போய் வாயைக் கொடுத்தார்.

கூட்டம் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பற்றித்தான். மோட்டாரை ஓரங்கட்டிவிட்டு, தான் கேபிளை வெட்டிய வீர வரலாற்றைக் கால்மணி நேரம் அளந்தார். கேட்டவர்கள் கிறங்கிப்போனார்கள். பேச்சில் அவர் கெட்டிக்காரர். அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. கடைசியில் ஒரு திட்டத்தை எடுத்து வைத்தார். கட்டடத்தில் எல்லோரும் கேபிளை நிறுத்த வேண்டியது. ஆளுக்கு ஒரு ஆப் வாங்க வேண்டியது. பாஸ்வேர்டை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டியது. ஒரு ஆப் விலையில் அத்தனை ஆப்பும்.

"அந்தக் கம்பெனிக்காரங்க சும்மா இருப்பாங்களா? இப்படி ஊருக்கே பகிரலாமா?" என்று தரைத்தளத்து ரிடையர்ட் தலைமையாசிரியை கேட்டார். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

"நாம ஒரே குடும்பம் மாதிரிதானே டீச்சர்?" என்றார் மிச்சம் சார்.

எல்லோரும் கை தட்டினார்கள். குடித்தனம் வந்த நாளிலிருந்து மாடிப்படி கூட்டுவது யார் முறை என்று அடித்துக்கொள்கிறவர்கள், பத்துப் பைசா மிச்சம் என்றதும் ஒரே குடும்பமாகிவிட்டார்கள். அவள் பின்வரிசையில் உட்கார்ந்து நகத்தில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் மட்டும் கை தட்டவில்லை. "நான் கேபிளே வச்சுக்கறேன். எனக்குச் செய்தி வேணும்" என்றார்.

"காலத்தோட நகரணும் டீச்சர்."

"நீங்க நகருங்க, நான் இங்கயே இருக்கேன். எப்படியும் திரும்பி வருவீங்க."

ஒரே குடும்பம் ஒரு மாதம் ஒற்றுமையாக இருந்தது. அப்புறம் குடும்பத்துக்கே உரிய எல்லாம் வந்தது. மேல்வீட்டு மருந்துக் கம்பெனி ரெப் பாதிப் படத்தில் இருக்கும்போது, 'ஒரே நேரத்தில் இத்தனை பேர் பார்க்க முடியாது' என்று திரை அவரை வெளியே தள்ளியது. உள்ளே இருப்பது யார் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தார். எதிர்வீட்டு அம்மாள் தான் பார்த்துக்கொண்டிருந்த சீரியலில் யாரோ முன்னால் ஓடிப்போய் நாலு பகுதி பார்த்துவிட்டார்கள், நாத்தனார் செத்தது முதலிலேயே தெரிந்துபோயிற்று என்று மாடிப்படியில் நின்று கத்தினார். ஒருத்தர் பாஸ்வேர்டை மாற்றினார். பதிலுக்கு இன்னொருத்தர் தன்னுடையதை மாற்றினார். எல்லாப் பஞ்சாயத்துக்கும் மிச்சம் சார் வீட்டு அழைப்புமணிதான் அடித்தது. கதவைத் திறப்பதென்னவோ அவள்.

"சார் இருக்காரா?"

"குளிக்கிறாரு" என்பாள். அந்த நாட்களில் மிச்சம் சார் நிறையக் குளித்தார். தண்ணீரை அவர் தாராளமாகச் செலவழித்து அவள் பார்த்தது அப்போதுதான்.

கால்பந்து இறுதி ஆட்டம் வந்தது. ஆட்டம் காட்டும் ஆப் மிச்சம் சார் கணக்கில் இருந்தது. இத்தனை வீட்டிலும் அது ஓடாது என்பது தெரிந்ததும், பெரிய மனசு பண்ணி எல்லோரையும் தன் வீட்டுக்கே அழைத்துவிட்டார். ஹாலில் கால்வைக்க இடமில்லை. சோபாவின் கைப்பிடியில்கூட ஆள். மாமனாரைப் பால்கனி ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

ஆட்டம் சூடுபிடித்தது. பந்து இன்னும் மைதானத்தின் நடுவில் இருந்தது. அப்போது எதிர்க்கட்டடத்திலிருந்து ஒரு பெருஞ்சத்தம்: "கோல்!"

ஹாலில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இங்கே பந்து சாவகாசமாக உருண்டு, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு வந்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் வலைக்குள் போனது.

"அவங்க கேபிள்ல பாக்கிறாங்க" என்று பால்கனியிலிருந்து மாமனார் செய்தி சொன்னார். "அங்க முன்னாடி வருது. இங்க அடிச்சு முடிச்ச கோலைத்தான் காட்டறான்."

"சில நொடிதாம்பா வித்தியாசம்" என்றார் மிச்சம் சார்.

அதன்பிறகு ஒருத்தரும் திரையைப் பார்க்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு எதிர்க்கட்டடத்தைக் கேட்டார்கள். அங்கே "ஐயோ" என்றால் இங்கே பந்து வெளியே போகும் என்று தெரிந்துகொண்டு உச்சுக்கொட்டினார்கள். ஆட்டம் முடியச் சற்று நேரம் இருக்கையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, பிறகு திரை மொத்தமாகக் கறுத்தது. நெட்டே போய்விட்டது. எதிர்க்கட்டடத்தில் கூரை பிய்த்துக்கொண்டு போகிற கூச்சல்.

மிச்சம் சார் நெட் கம்பெனிக்குப் போன் போட்டு அதட்டினார். கம்பெனிக்கு வாயில் நுழையாத பெயர். பில் கைப்பேசியில் வரும், பணம் கைப்பேசியில் போகும், ஆளை யாரும் கண்டதில்லை. "உடனே ஆள் வரணும்" என்றார். உடனே வந்தது. தோளில் ஏணியும் இடுப்பில் இடுக்கியுமாக கேபிள்காரர் வாசலில் நின்றார்.

"நீ எதுக்குப்பா வந்தே? நான் நெட் கம்பெனிக்கு இல்ல போன் பண்ணேன்?"

"அந்தக் கம்பெனிக்கு இந்த ஏரியாவுல ஆள் நான்தான் சார்."

"நீயா?"

"ரொம்ப நாளாவே. டிவிக்கு வந்ததும் என் வயருதான், நெட்டுக்கு வர்றதும் என் வயருதான். ஒரே கம்பம், ஒரே வயரு." அவர் ஹாலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "நீங்கள்லாம் சேந்து கேபிளை நிறுத்தினதும் நான் கொஞ்சம் ஆடித்தான் போனேன். அப்புறம் வீட்டுக்கு வீடு வேகத்தைக் கூட்டச் சொன்னீங்க. கேபிள்ல கெடைச்சதுக்கு மேலேயே கெடைக்குது. சாரைப் பாத்து ஒரு வார்த்தை நன்றி சொல்லணும்னு இருந்தேன்."

மிச்சம் சார் முகத்தில் ஈயாடவில்லை. அவள் சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, சிரிப்பு அடங்குகிற வரைக்கும் சிரித்தாள்.

நெட் வந்தபோது ஆட்டம் முடிந்து, கோப்பையைத் தூக்கிக்கொண்டு யாரோ ஓடிக்கொண்டிருந்தார்கள். மேல்வீட்டு ரெப் எழுந்து, "அண்ணே, நாளைக்கு வந்து எனக்கு கேபிள் பெட்டிய மாட்டிடுங்க" என்றார். அடுத்து எதிர்வீட்டு அம்மாள். அப்படியே ஒவ்வொருத்தராகச் சொல்லிக்கொண்டு செருப்பைத் தேடினார்கள். ஒரே குடும்பம் பத்தே நிமிஷத்தில் தனிக்குடித்தனம் போய்விட்டது.

மறுவாரத்துக்குள் கட்டடம் முழுக்கக் கேபிள் திரும்பிவிட்டது, அவர்கள் வீட்டைத் தவிர. மிச்சம் சார் மசியவில்லை. கொள்கை என்றார். தொலைநோக்கு இல்லாத ஜனங்கள் என்றார். ஆப்பை எல்லாம் வைத்துக்கொண்டு, முன்பு கேபிளுக்குக் கட்டியதைப்போல இரண்டு பங்குக்கு மேல் கட்டிக்கொண்டு, மிச்சம் பிடிப்பதாகவே சாதித்தார்.

மாமனார் ஒன்றும் சண்டை போடவில்லை. ஒருநாள் இரவுச் செய்தி நேரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

"எங்க மாமா?"

"டீச்சர் வீட்டுக்கு. நியூஸ் பாத்துட்டு வரேன்."

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். திரும்பி வரும்போது முகம் தெளிவாக இருந்தது. சாப்பாடு இறங்கியது. கீழே கதவு திறந்திருந்தால் இரண்டு குரல்கள் மாடிப்படி வரை கேட்டன. அவர் குண்டு மனிதரைத் திட்டுவார். டீச்சர், "அவன் என்ன பண்ணுவான், எழுதிக் குடுத்ததைப் படிக்கிறான்" என்று இவரைத் திட்டுவார்.

கட்டடத்தில் வாய்கள் சும்மா இருக்குமா? மகன் வீட்டில் அப்பாவுக்கு ஒரு டிவி பார்க்க வழியில்லையாம், கிழவர் வீடு வீடாகப் போகிறாராம் என்று பேச்சு கிளம்பியது. லிஃப்டில் யாரோ மிச்சம் சாரின் காதுபடவே சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"என்னை என்னன்னு நெனைக்கிறாங்க? எங்கப்பாவுக்குக் காசு குடுக்க மாட்டேங்கிறவனா நான்?"

அவருடைய குரல் உடைந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. ஒரு கணம் பாவமாக இருந்தது. பாவம் என்று விட்டுவிட்டால் மறுபடி முதுகைத் தட்ட ஆரம்பித்துவிடுவார் என்றும் தெரிந்தது.

"காசு நிறையவே குடுக்கிறீங்க" என்றாள். "கேபிளைவிட அதிகமா குடுக்கிறீங்க. அவரு கேட்ட ஒண்ணை மட்டும் குடுக்கல. அந்தக் குண்டு ஆளு நேரத்துக்கு வரணும், இவரு திட்டணும். அவ்வளவுதான் கேட்டாரு. அதுக்கு நீங்க அவருக்குப் பன்னிக்குட்டிய வாங்கிக் குடுத்தீங்க."

அவள் அவர் கண்முன்னாலேயே போனை எடுத்தாள். "அண்ணே, நாங்கதான். நாளைக்கு எங்க வீட்டுக்கும் ஒரு பெட்டி. பணம் என்கிட்ட வாங்கிக்கோங்க, என் சம்பளத்துல."

பெட்டி வந்தது. கேபிள்காரர் மாட்டிக்கொண்டே, கேபிளும் நெட்டும் ஒன்றாக எடுத்தால் சலுகை உண்டு, கூட ரெண்டு ஆப்பும் அதிலேயே வந்துவிடும் என்றார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மிச்சம் சார் திரும்பினார். கண்ணில் பழைய வெளிச்சம்.

"ரெண்டும் சேத்தா எவ்வளவு குறையும்?"

அடுத்த வாரம் லேபில் அவள் வேலையாக இருக்கும்போது அச்சு சரியாக விழவில்லை என்று டாக்டர் ஒரு ஆளையே அங்கே அளவுக்கு அனுப்பியிருந்தார்; வந்தவர் மிச்சம் சாரின் அலுவலகத் தோழர். "உங்க வீட்டுக்காரரு பெரிய ஆளுங்க" என்று சிலாகித்தார். கேபிளைத் தனியா, நெட்டைத் தனியா எடுக்கிறவன் முட்டாள், சேர்த்து எடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று சார் கண்டுபிடித்திருக்கிறாராம். ஆபீசில் எல்லோரும் அதற்கு மாறிக்கொண்டிருக்கிறார்களாம்.

"அப்படியா?" என்றாள். "வாயைத் திறங்க." அளவெடுக்கும் பசை நிரப்பிய தட்டை உள்ளே வைத்து அழுத்தி, பசை இறுகும்வரை அவரைப் பேசவிடவில்லை.

அன்று இரவு, செய்தி நேரத்துக்கு மிச்சம் சார் தானே எழுந்து டிவியைப் போட்டார். குண்டு மனிதர் வந்து வணக்கம் சொன்னார். "அப்பா, வாங்க, ஆரம்பிச்சாச்சு" என்று பெருமையாகக் கூப்பிட்டார்.

மாமனார் அறையிலிருந்து வெளியே வந்தார். தேய்த்த சட்டை போட்டிருந்தார், தலையைப் படிய வாரியிருந்தார். டிவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"எங்கப்பா போறீங்க? இங்கயே வருதே!"

"வருது, வருது. நீ பாரு."

"அப்போ யாருக்காக இதைப் போட்டது?"

"இங்க நான் திட்டினா யாருடா பதில் சொல்லுவா?" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

மிச்சம் சார் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. ரிமோட்டை அவர் கையிலிருந்து வாங்கி, செய்தியை மாற்றி, தன் சீரியலை வைத்துக்கொண்டாள்.